சொதிக்கு எத்தனை மார்க்

அக்டோபர் 9, திங்கள்

பகவதிக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. புறவாசலில் துணி துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி. ஆடி மாதத்திலிருந்தே அதைத் தேய்த்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதை இங்கே எழுதி வைப்பதுதான் நேர்மை. ஆறு வாரம் மாவுக்கட்டு. கையில் தண்ணீர் படக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது.

எனக்குச் சமைக்கத் தெரியாது. வெந்நீர் போடுவேன். பக்கத்து வீட்டில் ஒரு வாரம் சோறு தருகிறோம் என்றார்கள். ஒரு வாரம் போனால் முகம் மாறும், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாளையங்கோட்டையில் ஓட்டலுக்கா பஞ்சம்? நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு இவளுக்குப் பார்சல் வாங்கி வருவது என்று முடிவு.

சாப்பிடுகிற ஒவ்வொரு கடைக்கும் இந்த டைரியிலேயே மதிப்பெண் போடப் போகிறேன். சுவை 50, சுத்தம் 25, உபசரிப்பு 25. தேர்ச்சிக்கு 35.

"ரிட்டையராகி எட்டு வருசமாச்சு. இன்னமும் செவப்புப் பேனாவைத் தூக்கிக்கிட்டு அலையணுமா?" என்றாள் பகவதி. வலியோடு சொன்னதால் பதில் சொல்லவில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

காலை: பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள ஓட்டல். இட்லி மெத்தென்று இருந்தது. சட்னியில் தேங்காயைத் தேட வேண்டியிருந்தது. சாம்பார் கேட்டதற்கு, "அங்கன வாளி இருக்குல்லா, ஊத்திக்கிடுங்க" என்று கையை நீட்டினார்கள். உபசரிப்பு 3. மொத்தம் 43.

மதியம்: கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மெஸ். ரசம் என்று சொல்லி ஊற்றியதால் ரசம் என்று தெரிந்துகொண்டேன். மொத்தம் 29. தேறவில்லை.

பகவதி இடது கையால் சாப்பிட மாட்டேன் என்று அடம். ஸ்பூனில் ஊட்டிவிட்டேன். அதற்கு முன்னால் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொன்னாள்.

அக்டோபர் 12, வியாழன்

தலை பின்னிவிடுவது நான் நினைத்ததைப் போல எளிதல்ல. மூன்று பிரிவு, மாற்றி மாற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் அவிழ்ந்துவிட்டது. முப்பத்தாறு வருடமாக இவள் தலையை நான் இவ்வளவு நேரம் தொட்டதில்லை. உச்சியில் நன்றாக நரைத்திருக்கிறது.

அக்டோபர் 13, வெள்ளி

பகவதி ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். என் பின்னலோடு போனவள், இறுக்கமான நாலுகால் பின்னலோடு திரும்பினாள். கோயிலில் யாரோ ஒரு பெண் பின்னிவிட்டாளாம். இந்தக் காலத்திலும் நல்ல மனசுக்காரர்கள் இருக்கிறார்கள்.

அக்டோபர் 17, செவ்வாய்

நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் ஐந்து கடைகளையும் பார்த்தாயிற்று. அதிகபட்சம் 48. இதற்குள் பகவதிக்கு வயிறு கெட்டுவிட்டது. எல்லாக் கடையிலும் ஒரே எண்ணெய், ஒரே சோடா உப்பு.

"மார்க்கெட் ரோட்டுக் கடையில வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்குமாம். நாலு பேரு சொன்னாவ" என்றாள்.

"எந்த நாலு பேரு?"

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நேற்று ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள். போனேன்.

கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எட்டு மேசை. தரை ஈரமில்லாமல் இருந்தது. தண்ணீர்த் தம்ளரில் விரல் படாமல் அடியைப் பிடித்து வைத்தார்கள். நடத்துபவன் இசக்கியப்பன். வயது முப்பத்தொன்று இருக்கலாம். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் படித்தவன், தேறாதவன். கூடுதல் தகவல்: என் மகள் வடிவைக் கல்யாணம் செய்துகொண்டவன். ஒன்றரை வருடமாகிறது. நான் போகவில்லை.

"வாங்க சார். உக்காருங்க" என்றான். வேறொன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு, ரசம், மோர். சுவை 34, சுத்தம் 21, உபசரிப்பு 19. மொத்தம் 74. மதிப்பெண்ணில் சொந்த விருப்பு வெறுப்பைக் கலக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

அக்டோபர் 18, புதன்

பகவதிக்கு வயிறு சரியாகிவிட்டது. அதனால் இன்றும் அங்கேயே போக வேண்டியதாயிற்று.

பக்கத்து மேசைக்கெல்லாம் கத்திரிக்காய்ப் பொரியல். எனக்கு மட்டும் வாழைக்காய். எனக்குக் கத்திரிக்காய் சாப்பிட்டால் உடம்பு அரிக்கும். நான் சொல்லவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு காப்பி கேட்டேன். சர்க்கரை இல்லாமல் வந்தது. அதையும் நான் சொல்லவில்லை. வயதானவர்கள் வந்தால் பார்த்துக் கொடுக்கிற நல்ல பழக்கம் இந்தக் கடையில் இருக்கிறது போலும். மற்ற கடைக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். உபசரிப்பு 22.

பார்சலில் சோற்றைக் குழம்போடு குழையப் பிசைந்தே கட்டியிருந்தார்கள். ஸ்பூனில் எடுக்க வசதி. இதுவும் நல்ல முறை.

அக்டோபர் 20, வெள்ளி

கோயிலிலிருந்து பகவதி நாலுகால் பின்னலோடு வந்தாள். போன வாரத்துப் பெண்ணேதானாம். நெற்றியில் விபூதியும் இல்லை, குங்குமமும் இல்லை. புடவையில் தாளிப்பு வாசம் அடித்தது. கூட்டமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 25, புதன்

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு நூலில் கட்டித் தொங்குகிறது. அட்டையில் "வாடிக்கையாளர் கருத்து". புரட்டிப் பார்த்தேன். "சூப்பர்", "சாப்பாடு அருமை அண்ணா", ஒரு பூப்படம். யாரும் உருப்படியாக எழுதவில்லை. கடை முன்னேற வேண்டாமா? நான் எழுதினேன்:

"ரசத்தில் பெருங்காயம் ஒரு சிட்டிகை குறைக்கலாம். அப்பளம் நமுத்திருந்தது. கை கழுவும் இடத்தில் சோப்புத் துண்டாகிவிட்டது. 100க்கு 72."

மதிப்பெண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, "ஒரு வாடிக்கையாளர்" என்று கையெழுத்திட்டேன். யார் எழுதியது என்று தெரிய வேண்டாம். வேறு பேனா கைவசம் இல்லாததால் சிவப்பில் எழுத வேண்டியதாயிற்று.

அக்டோபர் 26, வியாழன்

புது சோப்பு. மொறுமொறு அப்பளம். பெருங்காயம் சரியாக இருந்தது.

அக்டோபர் 29, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொதி போடப் போவதாகப் பலகையில் எழுதியிருந்தார்கள். திருநெல்வேலிச் சொதியை ஓட்டலில் போடுவதற்குத் துணிச்சல் வேண்டும். பாசிப்பருப்பு, காய்கறி, தேங்காய்ப்பால். மூன்றாம் பாலில் காய் வேகணும், இரண்டாம் பாலில் கொதிக்கணும், முதல் பாலை ஊற்றியதும் இறக்கிவிடணும். இதெல்லாம் பகவதி சொல்லிக் கேட்டதுதான். எனக்குச் சாப்பிடத் தெரியும்.

திரிந்திருந்தது. நோட்டில் எழுதினேன்: "எலுமிச்சம்பழத்தை அடுப்பில் இருக்கும்போதே பிழிந்திருக்கிறீர்கள். இறக்கி, சூடு ஆறிய பிறகு பிழிய வேண்டும். இஞ்சிப் பச்சடி இல்லாமல் சொதி போடுவது பாவம். 100க்கு 31. தேறவில்லை."

இசக்கியப்பன் நான் எழுதுவதைக் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பணம் கொடுக்கும்போது, "வரேன்னு சொல்லாமப் போறியளே சார்" என்றான். "வரேன்" என்றேன். வாடிக்கையாளர் என்ற முறையில் சொன்னது.

நவம்பர் 3, வெள்ளி

பகவதியோடு வாக்குவாதம்.

"அந்தப் புள்ள என்ன குத்தம் செஞ்சிச்சு, சொல்லுங்க" என்றாள்.

ஒன்பதாம் வகுப்புத் தேறாதவன், பதினாலு வயதில் மதுரைக்குப் போய் ஓட்டலில் மேசை துடைத்தவன், வங்கியில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு இவனா பொருத்தம் என்று எப்போதும் சொல்வதைச் சொன்னேன்.

"அவ வேலையை விடலயே. காலைல கொழம்பு, வெஞ்சனத்துக்குப் பக்குவம் சொல்லிக் குடுத்துட்டுத்தான் பேங்குக்குப் போறா. சனி, ஞாயிறுதான் முழுசா அடுப்படில நிக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும்" என்றாள்.

நான் சாதி பார்த்ததாக மகள் அன்றைக்குச் சொன்னது அபாண்டம். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் அண்ணனும் மைத்துனரும் பேசியபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 5, ஞாயிறு

சொதி 78. இஞ்சிப் பச்சடியும் இருந்தது. அதில் வெல்லம் கொஞ்சம் தூக்கலாக, எங்கள் வீட்டில் செய்கிற மாதிரி.

நோட்டில் என் போன வாரக் குறிப்புக்குக் கீழே பென்சிலில் ஒரு வரி: "திருத்திக்கொண்டோம். நன்றி." பெண் கையெழுத்து. அடியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தது. விடைக்கு அடியில் அளவுகோல் வைத்துத்தான் கோடு போட வேண்டும் என்று நான் ஒருத்திக்கு ஐந்து வயதிலிருந்து சொல்லியிருக்கிறேன்.

சமையலறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே ஒரு துணித் திரை. அதற்குக் கீழே இரண்டு பாதம் தெரிந்தது. நான் எழுந்து கை கழுவப் போகும்வரை அங்கேயே நின்றது. உபசரிப்புக்கு இன்று மதிப்பெண் போடவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எல்லாக் கடையும் விடுமுறை. பக்கத்து வீட்டில் கொடுத்த பலகாரத்தைச் சாப்பிட்டோம். யாரும் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

நவம்பர் 15, புதன்

பக்கத்து மேசையில் ஒரு வக்கீல். "கடையைக் காலி பண்ணுதியளாமே?" என்று இசக்கியப்பனிடம் கேட்டார்.

"ஆமா சார். கட்டட ஓனர் இடிச்சுக் கட்டப் போறாவ. ஓசூர்ல ஒரு கம்பெனி கேன்டீன் கெடைச்சிருக்கு. வீட்ல அவளுக்கும் அங்கயே மாத்தல் வாங்கியாச்சு. டிசம்பர் பதினொண்ணு லாரி சொல்லிருக்கேன்."

"அப்போ ஊர்ல யாரு இருக்கா உங்களுக்கு?"

அவன் என் இலைக்கு மோர் கொண்டுவந்தான். வக்கீல் சும்மா இருக்க மாட்டாமல், "தினமும் வாராவளே, சார் உங்களுக்குச் சொந்தமா?" என்றார்.

"எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்த சார். ரொம்ப நேர்மையான ஆளு. ஒரு மார்க்கு சும்மா போட மாட்டாவ" என்றான்.

குத்திக் காட்டிச் சொன்னானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பெருமையாகத்தான் சொன்னான். மோரை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

நவம்பர் 16, வியாழன்

கடைக்குப் போகவில்லை. பகவதிக்கு மட்டும் ரொட்டியும் பாலும்.

எழுதிவிடுகிறேன். அவன் வாங்கியது முப்பத்து நான்கு. முழுஆண்டுத் தேர்வு. ஐந்தாவது கணக்கு, சரிவகத்தின் பரப்பளவு. சூத்திரம் சரி, பிரதியிட்டது சரி, வழி எல்லாம் சரி. கடைசிப் பெருக்கலில் தப்பு. ஸ்டெப் மார்க் மூன்று போடலாம். எல்லாருக்கும் போட்டேன். முதலில் இவனுக்கும் போட்டேன். தாளின் கடைசிப் பக்கத்தில் அவன் எழுதியிருந்தான்: "சார், பெயில் ஆனா எங்க மாமா மதுரைக்கு ஓட்டல் வேலைக்கு அனுப்பிருவாரு. பாஸ் போட்ருங்க சார்."

கெஞ்சி எழுதுகிற தாளுக்குச் சலுகை காட்டக் கூடாது என்பது என் கொள்கை. கோபத்தில் ஐந்தாவது கணக்குக்குப் போட்டிருந்த மூன்றையும் அடித்து, பூஜ்யம் போட்டேன். முப்பத்தேழு முப்பத்து நான்கானது. ஜூன் மாதம் அவன் பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை நானே கோடு கிழித்தேன்.

அவனை ஓட்டலுக்கு அனுப்பியது நான். ஓட்டல்காரன் என்று பெண் கொடுக்க மறுத்ததும் நான்.

நவம்பர் 20, திங்கள்

கட்டுப் பிரித்தாயிற்று. கை மெலிந்து வெளுத்துப்போயிருக்கிறது. இன்னும் ஒரு மாதம் கனமான பாத்திரம் தூக்கக் கூடாதாம், தேங்காய் துருவக் கூடாதாம். ஆட்டோவில் வரும்போது அந்தக் கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். டிரைவர் பார்க்கிறார் என்று இழுக்கப் பார்த்தாள், விடவில்லை.

"வர்ற வெள்ளிக்கெழமை கோயிலுக்கு நானும் வரட்டா?" என்றேன்.

என்னையே பார்த்தாள். "எந்தக் கோயிலுக்கு?"

"நீ போற கோயிலுக்குத்தான்."

கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கல்யாணத்துக்கு மறுநாள் பொண்ணு வீட்ல மாப்பிள்ளைக்குச் சொதி போடணும். நாம போடல. அதுக்குள்ள அவிய கையால நீங்க ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டாச்சு. அதுக்கு மார்க்கு வேற."

நவம்பர் 22, புதன்

நேரில் கூப்பிடத்தான் போனேன். கல்லா முன்னால் நின்று தொண்டையைச் செருமினேன். "என்ன சார் வேணும்?" என்றான். நோட்டை எடுத்து எழுதினேன்:

"ஞாயிறு, கார்த்திகை தீபம். கடைக்கு விடுமுறை விடவும். மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் நம் வீட்டுக்கு வரவும். மாப்பிள்ளைச் சொதி. தாமதத்துக்கு வருந்துகிறேன்."

ஒரு வாடிக்கையாளர் என்று எழுதக் கை போய், நின்று, அடித்துவிட்டு "அப்பா" என்று எழுதினேன். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் பெயர்ப்பலகையை நிமிர்ந்து பார்த்தேன். வடிவு மெஸ். நல்ல எழுத்து. வெயிலில் கொஞ்சம் மங்கியிருக்கிறது.

நவம்பர் 23, வியாழன்

நோட்டில் பென்சிலில் பதில், அடியில் அளவுகோல் கோடு: "வருகிறோம். அம்மாவைத் தேங்காய் துருவ விடாதீர்கள்."

நவம்பர் 26, ஞாயிறு

காலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று தேங்காய் துருவினேன். பகவதி முக்காலி போட்டு உட்கார்ந்து ஆணையிட்டாள். "இன்னும் நைசா அரைங்க." "அது ரெண்டாம் பாலு, இங்கன வைங்க." "முருங்கைக்காயை இவ்ளோ நீளமாவா வெட்டுவாவ? என்ன, கம்பு வெட்டுதியளா?" முப்பத்திரண்டு வருடம் வகுப்பெடுத்தவன், இப்படி ஒரு கண்டிப்பான டீச்சரிடம் படித்ததில்லை.

எல்லாம் சரியாக வந்தது. முதல் பாலை ஊற்றினேன். அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் சத்தம். பதற்றத்தில், கையில் இருந்த எலுமிச்சம்பழத்தை அப்படியே பிழிந்துவிட்டேன். அடுப்பை அணைக்கவில்லை.

"ஐயோ, நீங்க..." என்றாள் பகவதி. அவ்வளவுதான், என் கண் முன்னாலேயே திரிந்தது.

வடிவு வாசற்படியில் நின்றாள், பின்னால் இசக்கியப்பன். செருப்பைக் கழற்றவில்லை. உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி நின்றாள். என் வீட்டில் என் பிள்ளை அப்படி நிற்கும்படி செய்திருக்கிறேன்.

"வாம்மா" என்றேன்.

"மெலிஞ்சு போயிட்டியளேப்பா" என்றாள். பிறகு அம்மா தலையைப் பார்த்தாள். "இது யாரு பின்னிவிட்டது? இப்படிக் கோணிக்கிட்டுப் போகுது?"

"உங்கப்பாதான். ஒண்ணரை மாசமா இதான் கோலம்" என்றாள் பகவதி. மூன்று பேரும் சிரித்தார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்; வெங்காயம் உரித்த கை.

இசக்கியப்பனை உட்கார வைத்து இலை போட்டேன். நானே பரிமாறினேன். சோறு, சொதி, உருளைக்கிழங்குப் பொரியல், இஞ்சிப் பச்சடி, அப்பளம். நிம்மதியாக உட்கார முடியாமல் நெளிந்தார். "சார், நீங்க பரிமாறி நான் எப்படி..." என்றார்.

"இது உங்களுக்கு வர வேண்டியது. ரொம்ப நாள் ஆயிட்டு" என்றேன். பிறகு, இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அஞ்சாவது கணக்குல வழி சரியாத்தான் இருந்துச்சு. மூணு மார்க்கு போட்டிருந்தேன். கோவத்துல அடிச்சேன். தப்பு என்னோடதுதான்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. வடிவு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு எந்தக் கணக்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. பதினேழு வருடம் ஆகியும் மறக்கவில்லை.

சோறு முழுவதும் சாப்பிட்டு, "இன்னுங் கொஞ்சம் சொதி ஊத்துங்க" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவி வந்தவரிடம் இந்த டைரியில் இன்றைய பக்கத்தைத் திறந்து, என் சிவப்புப் பேனாவையும் நீட்டினேன்.

"என்ன சார் இது?"

"நான் உங்க கடைக்கு எத்தனை தடவ போட்டேன். போடுங்க. சும்மா போடக் கூடாது."

பேனாவை வாங்கிக்கொண்டார். "பருப்பு பதம் சரி. பாலு எடுத்தது சரி. காயி வெந்தது சரி" என்று விரல் விட்டு எண்ணினார். "கடைசில எலுமிச்சம்பழத்துல கோட்ட விட்டுட்டிய. ஆனா வழியெல்லாம் சரியா இருக்கு." குனிந்து எழுதி, வட்டம் போட்டு, என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "ஸ்டெப் மார்க் போட்டிருக்கேன். பாஸ் மாமா."

வடிவு இப்போது வாசலில் அகல் விளக்கு அடுக்கிக்கொண்டிருக்கிறாள். பகவதி எண்ணெய் ஊற்றுகிறாள். பதினோராம் தேதி லாரிக்குச் சாமான் கட்ட நாங்கள் இருவரும் போகிறோம், பொங்கலுக்கு ஓசூர்.

இந்தப் பக்கத்தின் மேல் மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் முப்பத்தைந்து மாப்பிள்ளை எழுதியது. எண்களை அழகாக எழுதுகிறார்.